ஓர் ஆம்புலன்ஸ் தூரம்

(மாவட்டத் துப்பாக்கி சுடும் போட்டிக்கு முந்தைய நாள் மாலை, சங்க உறுப்பினர்கள், என்.சி.சி. ஆசிரியர்கள், பெற்றோர்கள் கூடியிருந்த பொது அரங்கில், அரசு மருத்துவமனை அவசர சிகிச்சைப் பிரிவிலிருந்து ஓய்வுபெற்ற அறுவை சிகிச்சை மருத்துவர் ஒருவர் ஆற்றிய சொற்பொழிவின் எழுத்து வடிவம்.)



மாலை நான்கு மணிக்கே வந்துவிட்டேன். வந்ததும் ஒரு சின்ன வேலை செய்தேன். சுடுதளத்தில் நின்றிருந்த மூன்று பேரிடம், "இப்போ 108-க்கு ஃபோன் போட்டா, இந்த இடத்தை எப்படிச் சொல்வீங்க?" என்று தனித்தனியாகக் கேட்டேன். முதலாமவர், "ரைஃபிள் ரேஞ்சுன்னு சொன்னா போதும் சார், எல்லாருக்கும் தெரியும்" என்றார். இரண்டாமவர், "பழைய கல்குவாரிக்குப் பின்னாடின்னு சொல்லுவேன்" என்றார். மூன்றாவது ஆள் இளைஞர். பேசாமல் செல்பேசியை எடுத்து வரைபடத்தைத் திறந்தார். சிக்னல் ஒரு கோடு காட்டியது. வட்டம் சுற்றியது. நாங்கள் இருவரும் அதையே பார்த்துக்கொண்டு நின்றோம்.

எல்லோருக்கும் தெரியும் என்றால் உங்கள் எல்லோருக்கும் தெரியும், அவ்வளவுதான். சென்னையில் கட்டுப்பாட்டு அறையில் உட்கார்ந்து அழைப்பை எடுக்கும் பெண்ணுக்குக் கல்குவாரி தெரியாது. எது பழையது, எது புதியது என்பதும் தெரியாது.

நான் பேச வந்தது இந்த இடத்துக்கும் ஆம்புலன்சுக்கும் நடுவே உள்ள தூரத்தைப் பற்றித்தான். சுடுதளத்தை யாரும் பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில் கட்டுவதில்லை. மலையடிவாரம் தேடுகிறோம், பொட்டல் தேடுகிறோம், ஊரை விட்டு விலகிப் போகிறோம். சரியான காரியம்தான். 'பாயின்ட் டூ டூ' என்று செல்லமாகச் சொல்கிறீர்களே, அந்தத் தோட்டாவின் ஈயக்குண்டு மூன்று கிராம்கூட இருக்காது. ஆனால் அந்தப் பெட்டியின் மேல் ஒன்றரை மைல் வரை ஆபத்து என்று எச்சரிக்கை அச்சிட்டிருக்கும். போலீசாரும் ராணுவத்தாரும் சுடும் ரைஃபிள் குண்டு அதையும் தாண்டிப் போகும். ஆகவே, மற்றவர்களின் பாதுகாப்புக்காகத் தூரமாகப் போனோம். ஆனால் காயம் என்று ஒன்று பட்டுவிட்டால், அதே தூரம் திரும்பி நம் மீதே வந்து விழுகிறது. ஊரைக் காக்கும் தூரம், அடிபட்டவனைக் கொல்லும் தூரம். இரண்டும் ஒரே தூரம்தான்.

உடம்பின் கணக்கைச் சொல்கிறேன். வளர்ந்த ஆளின் உடம்பில் ஏறக்குறைய ஐந்து லிட்டர் ரத்தம். வீட்டுக்கு வரும் தண்ணீர் கேனில் கால் பங்கு. அதில் மூன்றில் ஒரு பங்கு போனாலே உடம்பு தடுமாற ஆரம்பிக்கும். தொடையில் ஓடும் பெரிய தமனி முழுவதும் கிழிந்தால், மூன்றிலிருந்து ஐந்து நிமிடத்தில் உயிர் போகலாம். இந்த மலையடிவாரத்துக்கு எந்த ஆம்புலன்சும் ஐந்து நிமிடத்தில் வராது. 108 சேவை நம் மாநிலத்தில் 2008-இல் தொடங்கியது. எத்தனையோ உயிரைக் காப்பாற்றியிருக்கிறது, நானே கண்ணால் பார்த்திருக்கிறேன். ஆனால் அந்த வண்டி சாலையில்தான் ஓடும். அது வந்து சேரும்வரை உள்ள நிமிடங்களுக்கு டாக்டர் நானில்லை. பக்கத்து லேனில் நிற்பவர்தான் டாக்டர்.

அந்தப் பக்கத்து லேன்காரர் என்ன செய்யவேண்டும்? ரத்தத்தைப் பார்த்ததும் ஓடிப்போய்த் தாங்கவேண்டும் என்றுதான் மனசு சொல்லும். அதுதான் முதல் தவறு. சுடுதளத்தில் முதல் மருந்து ஒரு சொல். "ஸ்டாப்!" அந்தச் சொல்லைச் சொல்ல ரேஞ்ச் ஆபீசராக இருக்கவேண்டும் என்பதில்லை. பத்து வயதுப் பிள்ளை சொன்னாலும் அத்தனை பேரும் நிறுத்தவேண்டும். துப்பாக்கி வாய் இலக்கின் பக்கம் பார்த்தபடியே இருக்க, தோட்டாவை எடுத்து, அறை காலி என்று காட்டும் கொடியைச் செருகி, கீழே வைத்துவிட்டுக் கோட்டுக்குப் பின்னால் வரவேண்டும். அதுவரை யாரும் முன்னால் போகக்கூடாது. கல்லாகிப்போன மனசு என்று நினைக்காதீர்கள். உதவப் போனவனும் விழுந்தால் காயம் இரண்டு, கைகள் ஒரு ஜோடி குறைவு.

இதில் நீங்கள் யோசித்திராத ஒரு சிக்கல் உண்டு. எல்லோரும் காதில் மஃப் மாட்டியிருக்கிறீர்கள். அடிபட்டவன் கத்தியது மூன்றாவது லேனுக்கு அப்பால் கேட்காது. "ஸ்டாப்" என்ற குரலும் கேட்காது. எனவே குரலோடு ஹாரனும் வேண்டும், கண்ணில் படும்படி சிவப்பு விளக்கோ கொடியோ வேண்டும். அந்த விசையைத் தட்ட எல்லோருக்கும் கை எட்டவேண்டும். பல இடங்களில் அந்த விசை அலுவலக அறைக்குள், பூட்டிய கதவுக்குப் பின்னால் இருக்கிறது.

விழுந்தவர் கையில் துப்பாக்கி இருக்கலாம். வலியில் துடிக்கும் விரல் எங்கே போகும் என்று அவருக்கே தெரியாது. முதலில் போகிறவர் அதைத்தான் எடுக்கவேண்டும். வாயைத் திசைமாற்றாமல் எடுத்து, காலி செய்து, தள்ளி வைத்துவிட்டுக் காயத்துக்கு வாருங்கள். இத்தனையும் சேர்ந்து, பழகியவர்களுக்குப் பதினைந்து வினாடி. பழகாதவர்களுக்குக் கணக்கே கிடையாது.

இப்போது காயம். கை, கால் என்றால், ரத்தம் பீறிடுகிறது அல்லது கால்சட்டையை நனைத்துத் தரையில் தேங்குகிறது என்றால், டூர்னிக்கெட். நான் மருத்துவம் படித்த காலத்தில் இந்தப் பெயரையே பயந்து பயந்துதான் சொல்லிக் கொடுத்தார்கள். கட்டினால் கால் போய்விடும், வேறு வழியே இல்லாதபோது மட்டும் தொடு என்பார்கள். பிரான்சில் ழான் லூயி பெத்தி என்ற அறுவை சிகிச்சை நிபுணர் 1718-இலேயே திருகாணி வைத்த டூர்னிக்கெட்டைச் செய்துவிட்டார். முந்நூறு வருஷப் பொருள். ஆனாலும் பயம் போகவில்லை. அந்தப் பயத்தைப் போக்கியது ஈராக் போர். பாக்தாத் ராணுவ மருத்துவமனையில் 2006-இல் ஜான் கிராக் என்ற அமெரிக்க மருத்துவரும் அவர் குழுவினரும் கணக்கெடுத்தார்கள். அதிர்ச்சி நிலைக்குப் போகும் முன்பே டூர்னிக்கெட் கட்டப்பட்டவர்களில் நூற்றுக்குத் தொண்ணூறு பேர் பிழைத்தார்கள். அதிர்ச்சிக்குள் போன பிறகு கட்டப்பட்டவர்களில் நூற்றுக்குப் பத்துப் பேர். பொருள் அதேதான், கட்டும் முறையும் அதேதான். நேரம் மட்டும்தான் வேறு.

போர்க்களப் பாடம் பொதுமக்களிடம் வந்த கதையும் வேதனையானது. 2012 டிசம்பரில் அமெரிக்காவின் கனெக்டிகட் மாநிலத்தில், சாண்டி ஹூக் ஆரம்பப்பள்ளியில் குழந்தைகள் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். அதன்பின் அந்த மாநிலத்து அறுவை சிகிச்சை மருத்துவர் லென்வொர்த் ஜேக்கப்ஸ் போன்றவர்கள் ஹார்ட்ஃபோர்டில் கூடிப் பேசினார்கள். ரத்தத்தை நிறுத்துவது டாக்டரின் வேலை மட்டுமல்ல, அங்கே நிற்கும் எவருடைய வேலையும்தான் என்று முடிவுசெய்தார்கள். 2015-இல் அது 'ரத்தத்தை நிறுத்து' என்ற பெரிய பயிற்சி இயக்கமானது. மாரடைப்புக்கு நெஞ்சை அழுத்தக் கற்றுக்கொடுப்பதுபோல, காயத்தை அழுத்தவும் கற்றுக்கொடுக்கிறார்கள்.

கட்டுவது எப்படி? காயத்துக்கு மேலே, அதாவது நெஞ்சுப் பக்கமாக, மூன்று விரல் அகலம் தள்ளி. முட்டியின் மீதோ முழங்கையின் மீதோ வேண்டாம். காயம் எங்கே என்று தெரியாமல் எல்லாம் ரத்தமாக இருந்தால், தொடையின் மேற்பகுதியில், முடிந்தவரை உயரத்தில். பட்டையை இழுத்து ஒட்டுங்கள், குச்சியைத் திருகுங்கள், ரத்தம் நிற்கும்வரை திருகுங்கள். வலிக்கும். அலறுவார். "அண்ணே விட்ருங்க, தாங்க முடியல" என்று கையைப் பிடிப்பார். விடாதீர்கள். வலிக்காத டூர்னிக்கெட் சரியாகக் கட்டாத டூர்னிக்கெட். கட்டிய நேரத்தை எழுதுங்கள். இலக்குத் தாளில் மதிப்பெண் போடும் மார்க்கர் பேனா உங்களிடம் எப்போதும் இருக்குமே, அதனால் நெற்றியிலேயே எழுதலாம். கட்டியதை வழியில் யாரும் தளர்த்தக்கூடாது. இரண்டு மணி நேரம் வரை அந்தக் கைகாலுக்குப் பொதுவாகக் கேடு வராது. அதற்குள் மருத்துவமனைக்குப் போய்விடலாம். 

இடுப்பு பெல்ட்டால் கட்டலாமா என்று கேட்பார்கள். துப்பாக்கி வாரால் கட்டலாமா என்றும் கேட்பார்கள். திருகும் குச்சி இல்லாமல் இழுத்துக் கட்டும் பெல்ட் பெரும்பாலும் மேலோட்டமான சிரைகளை மட்டும் அடைக்கும். உள்ளே தமனி ஓடிக்கொண்டே இருக்கும். போகிற ரத்தம் திரும்பி வர வழியில்லாமல் காயத்தின் வழியே கொட்டும். இணையத்தில் மலிவாகக் கிடைக்கும் போலிகளும் அப்படித்தான், நாலாவது திருகலில் குச்சி வளைந்துவிடும். நல்லதாக இரண்டு வாங்கி வையுங்கள். பழக மூன்றாவதாக ஒன்று வாங்குங்கள். பழகியதைப் பெட்டியில் வைக்காதீர்கள், பெட்டியில் இருப்பதில் பழகாதீர்கள்.

டூர்னிக்கெட் கட்ட முடியாத இடங்கள் உண்டு. தொடையிடுக்கு, அக்குள், கழுத்தோரம். அங்கே சுத்தமான காஸ் துணியைக் காயத்துக்குள்ளேயே விரலால் திணிக்கவேண்டும். மேலே போர்த்துவதல்ல, மூட்டையில் துணி திணிப்பதுபோல உள்ளே. பிறகு முழங்கையை மடக்காமல் உடம்பின் பாரத்தை இறக்கி அழுத்தவேண்டும். சாதாரணத் துணியென்றால் பத்து நிமிடம். சோறு வெந்ததா என்று மூடியைத் தூக்கித் தூக்கிப் பார்ப்பதுபோல், ரத்தம் நின்றதா என்று துணியைத் தூக்கிப் பார்க்காதீர்கள். நின்றிருந்தாலும் தூக்கியதும் மறுபடி ஆரம்பித்துவிடும்.

காபித்தூள், மஞ்சள்தூள், புகையிலை எதுவும் வேண்டாம். நான் பணியில் இருந்தபோது காயத்திலிருந்து காபித்தூளைக் கழுவி எடுத்த நேரத்தை எல்லாம் சேர்த்தால் ஒரு வாரச் சம்பளம் வாங்கலாம். தண்ணீரும் கொடுக்காதீர்கள். தாகம் என்று கெஞ்சுவார். ரத்தம் போனவருக்குத் தாகம் எடுக்கும். ஆனால் அவர் அறுவை மேசைக்குப் போகப்போகிறவர், வயிறு காலியாக இருக்கவேண்டும். உதட்டை நனைத்துவிடுங்கள், போதும். குண்டு கண்ணுக்குத் தெரிந்தாலும் நோண்டாதீர்கள்.

நெஞ்சில் பட்டிருந்தால் காற்று உள்ளே இழுபடும் ஓட்டையை மூடவேண்டும். அதற்கென்றே ஒட்டும் பட்டைகள் வருகின்றன, ஓரத்தில் காற்று வெளியேற வழி வைத்தவை. ஒட்டிய பிறகு மூச்சுத் திணறல் கூடினால் ஓர் ஓரத்தைத் தூக்கி அடைபட்ட காற்றை வெளியேற விடுங்கள். முன்பக்கம் ஓர் ஓட்டை பார்த்ததோடு நிற்காதீர்கள். முதுகில் தடவிப் பாருங்கள், அக்குளில் பாருங்கள். உள்ளே போன இடம் மிளகு அளவில் இருக்கும், வெளியே வந்த இடம் உள்ளங்கை அளவில் இருக்கலாம். பார்க்கவேண்டுமானால் அந்தக் கனத்த சுடும் ஜாக்கெட்டைக் கழற்றவேண்டும். பொத்தான்களைத் தேடாதீர்கள், கத்தரியால் வெட்டுங்கள். விலை உயர்ந்த ஜாக்கெட்தான். இங்கே இருக்கும் அப்பாக்களுக்கு நெஞ்சு வலிக்கும், தெரியும். வெட்டும்போது குண்டு துளைத்த இடத்தை விட்டுத் தள்ளி வெட்டுங்கள், போலீசாருக்கு அது சாட்சி. வெட்டி முடித்ததும் போர்வை போர்த்துங்கள். இந்த வெயிலில் போர்வையா என்று சிரிக்கவேண்டாம். ரத்தம் இழந்த உடம்பு குளிர்ந்துபோகும். குளிர்ந்த உடம்பில் ரத்தம் எளிதில் உறையாது.

ஏர் ரைஃபிள் பிள்ளைகளின் பெற்றோர் இதெல்லாம் தமக்கில்லை என்று நிம்மதியாக இருப்பது தெரிகிறது. நாலரை மில்லிமீட்டர் பெல்லட் வினாடிக்கு 170 மீட்டர் அளவில் பாய்கிறது. தோலுக்குச் சின்னக் காயமாக இருக்கலாம், கண்ணுக்கு அது பீரங்கி. இலக்குச் சட்டத்தில் பட்டுத் தெறித்த துணுக்கும் அப்படியே. கண்ணில் பட்டால் கசக்கக்கூடாது, கழுவக்கூடாது, எடுக்கக்கூடாது, அழுத்திக் கட்டக்கூடாது. டீ குடிக்கும் காகிதக் கோப்பை ஒன்றைக் கண்ணில் படாதபடி கவிழ்த்து, விளிம்பு எலும்பில் உட்காரும்படி ஒட்டி, தலையை உயர்த்தி வைத்துக் கண் மருத்துவரிடம் கொண்டுபோங்கள். முதலுதவிப் பெட்டியில் நான் தேடும் பொருள்களில் மிக மலிவானது அந்தக் கோப்பை.

துப்பாக்கியால் வராத ஆபத்துகளே அதிகம் என்பதையும் சொல்லிவிடுகிறேன். மே மாதத்தில் கான்வாஸ் ஜாக்கெட்டுக்குள் வெந்துபோய் மயங்கி விழுபவர் உண்டு. ஜாக்கெட்டைக் கழற்றி, அவரை நனைத்து, விசிறவேண்டும். மூச்சும் பேச்சும் இல்லாமல் விழும் ஐம்பது வயதுக்காரருக்கு நிமிடத்துக்கு 100 முதல் 120 முறை, ஐந்து சென்டிமீட்டர் ஆழத்துக்கு நெஞ்சை அழுத்தவேண்டும். அப்புறம், மலையடிவாரம் என்றால் பாம்பு. இலக்குத் தாள் மாற்றப் போகிற பையன்தான் முதலில் மிதிப்பான். இங்கே கவனமாகக் கேளுங்கள். இவ்வளவு நேரம் கட்டு, இறுக்கு என்று சொன்னேனே, பாம்புக்கடிக்கு அது கூடவே கூடாது. கட்டவும் வேண்டாம், கீறவும் வேண்டாம், உறிஞ்சவும் வேண்டாம். கடிபட்ட கைகாலை ஆட்டாமல், நடக்கவிடாமல், விஷமுறிவு மருந்து இருக்கும் மருத்துவமனைக்குத் தூக்கிக்கொண்டு போங்கள். ஒரே பெட்டி, ஒரே பட்டை, ஒருவனுக்கு உயிர், இன்னொருவனுக்குக் கேடு.

இத்தனையையும் ஒருவரே செய்ய முடியாது, ஒருவரையே நம்பியிருக்கவும் கூடாது. 2014 ஆகஸ்டில் அமெரிக்காவின் அரிசோனா பாலைவனத்தில், சுற்றுலாப் பயணிகள் வந்து சுடும் ஒரு தளத்தில், ஒன்பது வயதுச் சிறுமியின் கையில் தானியங்கி 'உஸி' (Uzi) துப்பாக்கியைக் கொடுத்துச் சுடச் சொன்னார்கள். உதைப்பில் துப்பாக்கி மேலே ஏறியது, பக்கத்தில் நின்ற பயிற்றுநரின் தலையில் குண்டு பாய்ந்தது. ஹெலிகாப்டரில் லாஸ் வேகஸ் கொண்டுபோனார்கள், பிழைக்கவில்லை. அந்தத் தளத்தில் எல்லாம் தெரிந்தவர் யார்? விழுந்தவர்தான். ஆகவே, "எங்க மாஸ்டர் எல்லாம் பாத்துக்குவார்" என்பது திட்டமே அல்ல. மாஸ்டரே விழுந்தால் யார் பார்ப்பது என்பதுதான் திட்டம்.

ஐந்து வேலை, ஐந்து ஆள். ஒருவர் கட்டளையிடுவார், காயத்தைத் தொடமாட்டார். ஒருவர் காயத்தில் கை வைப்பார். ஒருவர் ஃபோன் பேசுவார். ஒருவர் வாசலுக்கு ஓடுவார். ஒருவர் மணி பார்த்து எழுதுவார். இதில் வாசலுக்கு ஓடுகிறவர் வேலையைத்தான் எல்லோரும் மட்டமாக நினைக்கிறார்கள்.

ஒரு தளத்தில் ஒத்திகை வைத்தோம், ஊர் பெயர் வேண்டாம். ஞாயிற்றுக்கிழமை காலை. ஒரு மாணவர் தொடையைப் பிடித்துக்கொண்டு விழுந்தார், கால்சட்டையில் சிவப்பு மை. எல்லோரும் நன்றாகவே ஓடினார்கள். முதலுதவிப் பெட்டியைத் திறந்தார்கள். உள்ளே ஒரு சுருள் பஞ்சு, காய்ந்துபோன ஜென்ஷன் வயலெட் புட்டி, மூன்று தலைவலித் தைலம், இலக்குத் தாளில் ஒட்டும் கறுப்பு வில்லைகள் ஒரு கட்டு. புதிதாக வாங்கிய டூர்னிக்கெட்டும் இருந்தது, பிளாஸ்டிக் உறைக்குள். மை ஈரத்தில் கை வழுக்கியது, உறையைக் கிழிக்க முடியவில்லை, ஒருவர் பல்லால் கிழித்தார். அதற்குள் இரண்டரை நிமிடம். பிறகு ஆளைத் தூக்கிக்கொண்டு பின்வாசலுக்குப் போனால் பூட்டு. சாவி வாட்ச்மேன் அண்ணன் சட்டைப் பையில். அண்ணன் டீ குடிக்கப் போயிருந்தார். திரும்பி வந்தவர் எங்களைப் பார்த்து, "இவ்ளோ பேரு எதுக்கு கேட்டுக்கிட்ட நிக்கிறீங்க?" என்று கேட்டார். என் கடிகாரத்தில் பதினொரு நிமிடம். அவர்மேல் ஒரு தவறும் இல்லை. சாவிக்கு ஓர் ஆணி அடித்துக் கொடுக்காதது எங்கள் தவறு.

அதனால் வாசலுக்கு ஓடுகிறவர் பூட்டைத் திறப்பதோடு நிற்கக்கூடாது. பெரிய சாலைத் திருப்பம்வரை போகவேண்டும். உங்களிடம்தான் சிவப்புக் கொடி இருக்கிறதே, சுடும்போது ஏற்றுவது, அதில் ஒன்றைக் கையில் எடுத்துக்கொண்டு போய் ஆட்டுங்கள். ஆம்புலன்ஸ் ஓட்டுநருக்கு எந்த வரைபடத்தைவிடவும் அது மேல்.

ஃபோன் விஷயம். நம் ஊரில் முதல் ஃபோன் யாருக்குப் போகிறது? செயலாளருக்கு. அவர் தலைவருக்கு. தலைவர் தெரிந்த இன்ஸ்பெக்டருக்கு. "போலீஸ் கேஸ் ஆயிடுமே" என்ற பயம். துப்பாக்கிக் காயம் என்றால் மருத்துவமனை அதைச் சட்டம் சார்ந்த வழக்காகப் பதிந்து காவல் நிலையத்துக்குச் சொல்லத்தான் செய்யும், மறைக்க வழியில்லை, மறைக்கவும் கூடாது. ஆனால் போலீஸ் வரும்வரை சிகிச்சைக்குக் காத்திருக்கத் தேவையில்லை. பரமானந்த் கட்டாரா வழக்கில் 1989-இலேயே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. முதலில் உயிர், பிறகுதான் நடைமுறை. முதல் ஃபோன் 108-க்கு. அதில் சொல்லவேண்டியதைச் சுவரில் எழுதி மாட்டுங்கள். ஊர், தாலுகா, சாலை, திருப்பம், எந்த வாசல். சிக்னல் தளத்தில் எங்கே நன்றாக வருமோ, அந்த இடத்தில் தரையில் ஒரு வட்டம் போட்டு வையுங்கள்.

எந்த மருத்துவமனைக்கு என்பதையும் இன்றே முடிவுசெய்யுங்கள். பக்கத்தில் இருப்பது எது என்று பார்க்காதீர்கள். அறுவை சிகிச்சை மருத்துவர், ரத்த வங்கி, சி.டி. ஸ்கேன் மூன்றும் இரவு பகலாக எங்கே இருக்கிறது என்று பாருங்கள். நம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் விபத்துப் பிரிவு இப்போது சிவப்பு, மஞ்சள், பச்சை என்று வாசலிலேயே பிரித்து அனுப்பும் முறையில் இயங்குகிறது. முன்கூட்டியே ஃபோனில் சொன்னால் ஆட்கள் தயாராக நிற்பார்கள். வயிற்றிலோ நெஞ்சிலோ குண்டு பட்டவருக்கு வெளியே நின்று நாம் செய்யக்கூடியது குறைவு, அவருக்கு மருந்து கத்திதான். 108 வர நெடுநேரம் ஆகும் என்று சொன்னால், காரில் ஏற்றிக்கொண்டு எதிரே போய்ச் சந்திக்கலாமா என்று அவர்களிடமே கேளுங்கள். ஃபிலடெல்ஃபியா நகரில் குண்டு பட்டவரைப் போலீசாரே தங்கள் வண்டியில் ஏற்றிப் போகும் வழக்கம் பல ஆண்டுகளாக இருக்கிறது. ஆனால் ரத்தத்தை நிறுத்திவிட்டு ஏற்றுங்கள். கூட ஒரு தாள் அனுப்புங்கள். எத்தனை மணிக்கு, எந்தத் துப்பாக்கி, எத்தனை காயம், எப்போது கட்டினோம். நான்கு வரி போதும். அந்த நான்கு வரியோடு வந்த நோயாளிகளை என் பணிக்காலத்தில் விரல் விட்டு எண்ணிவிடலாம்.

இதுவரை மதில் சுவருக்குள் நடப்பதைச் சொன்னேன். மதிலுக்கு வெளியேயும் காயம் உண்டு. 2021 டிசம்பர் 30. புதுக்கோட்டை மாவட்டம், நார்த்தாமலைப் பக்கம். பாதுகாப்புப் படையினர் பயிற்சி செய்த சுடுதளத்திலிருந்து தப்பி வந்த குண்டு, தாத்தா வீட்டில் இருந்த பதினொரு வயதுச் சிறுவனின் தலையில் பாய்ந்தது. புதுக்கோட்டை அரசு மருத்துவமனைக்குக் கொண்டுபோய், அங்கிருந்து தஞ்சாவூர் மருத்துவக் கல்லூரிக்கு மாற்றினார்கள். அறுவை சிகிச்சை செய்து குண்டை எடுத்தார்கள். ஜனவரி 3-ஆம் தேதி அவன் இறந்துபோனான்.

அந்த வீட்டாரை நினைத்துப் பாருங்கள். பிள்ளை விழுகிறான், தலையில் ரத்தம். என்ன பட்டது, எங்கிருந்து வந்தது, எப்படி உடனே தெரியும்? கல்லா, கூரையிலிருந்து ஏதாவது விழுந்ததா? தளத்தில் சுடுகிறவர்களுக்கும் தெரியாது, அவர்கள் அடுத்த சுற்றுக்குத் தயாராவார்கள். அங்கே "ஸ்டாப்" என்று யார் சொல்வது? எவ்வளவு உரக்கச் சொன்னாலும் எட்டாத தூரம் அது. ஆகவே நம் திட்டத்தில் ஒரு வரி சேர்க்கவேண்டும். சுற்றியிருக்கும் ஒவ்வொரு ஊரிலும் நம் தளத்தின் எண் இருக்கவேண்டும், ஊராட்சித் தலைவரிடம், டீக்கடையில், பள்ளிக்கூடத்தில். சுடும்போது அந்த ஃபோனை எடுக்க ஓர் ஆள் உட்கார்ந்திருக்கவேண்டும். ஊரிலிருந்து ஒருவர், "இங்க ஏதோ வந்து விழுந்துச்சு" என்று சொன்னால், விசாரித்துவிட்டு நிறுத்துவதல்ல. நிறுத்திவிட்டு விசாரிப்பது.

இன்னும் ஒருவர் பாக்கி. சுட்டவர். தவறுதலாகவே சுட்டிருப்பார். அத்தனை பேரும் விழுந்தவரைச் சுற்றி நிற்கையில், அவர் சுவரோரம் தனியாக உட்கார்ந்து கையைப் பார்த்துக்கொண்டிருப்பார். அவரைத் திட்டவும் வேண்டாம், ஒன்றுமில்லை என்று பொய் சொல்லவும் வேண்டாம். பக்கத்தில் ஒருவர் உட்காருங்கள். அவர் துப்பாக்கி இருந்த இடத்திலேயே, காலி செய்தபடி, துடைக்காமல் இருக்கட்டும். அவரை மட்டும் தனியே விடாதீர்கள். அவரும் காயம்பட்டவர்தான்.

பிள்ளைகளே, உங்களுக்கு நான் புதிதாக எதையும் கற்றுத்தரவில்லை. மூச்சை அடக்கவும், விரலைக் கட்டளைக்குக் காக்கவைக்கவும், ஒரே அசைவை ஆயிரம் முறை செய்யவும் உங்களுக்குத் தெரியும். நல்ல முதலுதவிக்கு வேண்டியது அதே மூன்றும்தான். பத்துப் புள்ளிக்குப் பழகிய கை, அந்தக் குச்சியைத் திருகவும் பழகட்டும்.

செயலாளரிடம் ஓர் அனுமதி கேட்டிருக்கிறேன், கொடுத்துவிட்டார். நாளை முதல் சுற்று ஒன்பது மணிக்கு. அதற்கு முன்னால், காலை ஏழிலிருந்து எட்டுக்குள் ஏதோ ஒரு நேரத்தில், நான் ஏழாம் லேனில் விழுவேன். எந்தத் தொடை என்று இப்போது சொல்லமாட்டேன். எடை எண்பத்திரண்டு கிலோ, தூக்கப் போகிறவர்கள் இரவு நன்றாகச் சாப்பிட்டுத் தூங்குங்கள். ஒருவர் கொடியோடு கல்குவாரித் திருப்பத்தில் நிற்கவேண்டும். வாட்ச்மேன் அண்ணன் டீ குடிக்கத் தாராளமாகப் போகலாம், சாவியை மட்டும் ஆணியில் மாட்டிவிட்டுப் போகட்டும். ஆணி நான் கொண்டுவந்திருக்கிறேன்.